பச்சை சுமந்த மரங்களுக்குத் தீ விலக்கிய ஓலை

நானூற்றுப் பதினேழு பொன், ஆறு பணம். தாழ்முகிலூரார் அரண்மனைப் பண்டாரத்துக்குச் செலுத்தத் தவறிய ஈமப்பொன் இவ்வளவு. மங்கலச் சொல் முதலில் வரவேண்டும் என்பதை அறிவேன். தொகை மறந்துபோகுமோ என்ற அச்சத்தில் அதை முதலில் கீறிவிட்டேன். ஓலையில் கீறியதை அழிக்க வழியில்லை.

இனி மங்கலம்.

கருங்குவட்டின் சிகரங்களுக்கும் அவற்றினின்று இறங்கும் ஆறுகளுக்கும் உரியவரும், மரப்பொந்தில் கிடந்து பிழைத்த ஆதியரசரின் குலத்தில் வந்தவரும், மழை பிந்தும் ஆண்டில் தம் உணவைத் தாமே குறைத்துக்கொள்பவருமாகிய அரசியார் மழைக்கொடி மாதேவியாரின் திருவடிகளுக்கு, அவர் ஆளும் நாட்டில் ஆறு வற்றாதிருக்கவும், களிறுகள் நோயற்றிருக்கவும், கதிரில் பதர் குறையவும், வாசலுக்கு முறையிட வந்தவர் வெயிலில் நில்லாதிருக்கவும் வாழ்த்தி, அரண்மனையால் பெருந்தீயுடையார் என்று பட்டம் கட்டப்பெற்றவனும், பெற்றவரால் கரிச்சான் என்று அழைக்கப்பட்டவனும், மரங்களுக்குத் தீ வைக்கும் ஈமப்பணியாளர் அனைவர்க்கும் தலைவனாக வைக்கப்பட்டவனுமாகிய அடியேன், தாழ்முகிலூர்க் காட்டோரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது.

அடியேன் நலம் என்று எழுதுவது வழக்கம். முழங்கால் இரண்டும் நலமில்லை, நெஞ்சில் பழைய புகை இருக்கிறது, மற்றது நலம்.

தேவியார் என்னுடன் ஓர் எழுத்தரையும் அனுப்பியருளினீர்கள். நல்ல மனிதர், முத்துப் போன்ற எழுத்து. ஆனால் நான் ஒன்று சொன்னால் அதைவிட அழகான ஒன்றை அவர் எழுதிவிடுகிறார். இந்தக் காரியம் அழகாகிவிட்டால் ஓர் ஊர் போய்விடும். ஆகையால் அவரைக் கஞ்சி குடிக்க அனுப்பிவிட்டு எழுத்தாணியை நானே எடுத்தேன். தலை நரைத்தபின் கற்ற எழுத்து இது; கோடாலி பிடித்த கையில் எழுத்தாணி நிற்க மாட்டேன் என்கிறது. இங்குள்ளவர்கள் பேசியதையும் அவர்கள் பேசியபடியே எழுதுகிறேன். அவைக்கு ஏற்ற மொழியில் மாற்றி உரைக்க எனக்கு இப்போது தெம்பில்லை.

முறை தேவியார் அறிந்ததே. இவ்வோலை பண்டாரத்திலும் படிக்கப்படும் என்பதால் சொல்லிவிடுகிறேன். பகைவர் நகரைச் சூழ்ந்த காலத்தில் ஆதியரசரைக் கைக்குழந்தையாக ஒரு மரப்பொந்தில் ஒளித்துவைத்துக் காத்தார்கள். அதனால் இந்நாட்டு மரங்கள் யாவும் அரச குடும்பத்துக்கு உறவு. உறவில் ஒருவர் இறந்து கிடந்தால் அப்படியே விட்டுப் போவதில்லை. எந்த ஊரின் எல்லைக்குள் மரம் விழுகிறதோ அந்த ஊரே அதற்குச் சுற்றத்தார். எண்ணெய் விட்டு, புதுத்துணி போர்த்தி, தீ வைக்கவேண்டியவர்கள் அவர்களே. வைக்காவிட்டால், என் ஆட்கள் சென்று வைப்பதற்கான செலவை அந்த ஊர் ஈமப்பொன்னாக முன்கூட்டியே கட்டவேண்டும். கட்டும்வரை ஆண்டுதோறும் தண்டம் ஏறும். மரத்தின்மேல் பச்சை இருந்தால் உயிர் உண்டு என்று கொண்டு தீ வைக்காமல் விடுவதும் முறை.

தாழ்முகிலூரில் முப்பது வீடுகள். தினை விதைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். பெருங்காற்று அடித்த ஆண்டில், ஊருக்குப் பின்னால் உள்ள மூடுபள்ளம் என்னும் இடத்தில், காடே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வீட்டு விளக்குக்கே எண்ணெய் இல்லாதவர்கள் அத்தனை மரங்களுக்கு எங்கே போவார்கள்? மரங்கள் இன்னும் சாகவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆண்டுதோறும் அரண்மனையிலிருந்து பார்க்கப் போனவர் தூரத்திலிருந்தே பச்சையைக் கண்டு, ஒரு குடம் தேனையும் கண்டு, உயிர் உண்டு என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

இப்போதைய பண்டார நாயகர் அப்படி விடவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். பொன் குறைந்து பண்டாரத்தின் தரை தெரிகிறது, அதைத் தினமும் பார்ப்பவர் அவர். வேர் ஆகாயத்தைப் பார்க்கக் கிடக்கும் மரம் இத்தனை காலம் எப்படி உயிரோடிருக்கும் என்று கேட்டார், சரியான கேள்வி. மரங்கள் விழுந்த ஆண்டு முதல் ஈமப்பொன்னும் தண்டமும் சேர்த்துக் கணக்குப் போட்டார். இந்த மாத முடிவுக்குள் பொன் வராவிட்டால் ஊர் முழுதும் மலையிறங்கிக் கடற்கரை உப்பளத்தில் வேலைசெய்து தீர்க்கவேண்டும் என்று ஆணையும் எழுதினார். உப்பளத்துக்கு இறங்கிய மலைக்காரர் எவரும் திரும்பி ஏறியதை நான் கண்டதில்லை. அவ்வாணையில் கைச்சாத்து இடுமுன் தேவியார் என்னை அழைத்து, மோதிரத்தைக் கொடுத்து, நேரில் சென்று பார்த்து அங்கேயே தீர்த்துவிட்டு வா என்று சொன்னீர்கள். யானை மருத்துவர் வெளியன் சாத்தனாரையும் உடன் அனுப்பினீர்கள். செடிகொடிகளை அறிந்தவர் அவர். களிறுகளின் கால்வெடிப்புக்கு உரிய வேழவேர் என்னும் பூண்டு நம் காடுகளில் அற்றுப்போனதால், அதைத் தேடும் காரியமும் அவருக்கு இருந்தது.

வழியில் தலைநகரை ஒட்டிய அரசவனத்தைக் கடந்தோம். அங்கே விழும் ஒவ்வொரு மரத்துக்கும் என் ஆட்கள் முறையாகத் தீ வைக்கிறார்கள். ஒரு கிளைகூட அநாதையாகக் கிடப்பதில்லை. பெருக்கித் தெளித்த முற்றம்போல் இருக்கிறது என்று பிறநாட்டு விருந்தினர் அதைப் புகழ்ந்ததை நானே கேட்டிருக்கிறேன். முதிர்ந்த மரங்கள் தூண்கள்போல் நிற்கின்றன. கீழே எங்கு பார்த்தாலும் ஒரே முரட்டுப் புல். தீ வைத்த வட்டங்களில் ஒரே முள். சாத்தனார் தம் இரும்புச் சலாகையால் அந்தப் புல்லைத் தட்டிக்கொண்டே, “ஓய் கரிச்சான், இந்தக் காட்டுல நிக்கிறதெல்லாம் கெழடு கட்டையா இருக்குது. ஒரு தொட்டிலாவது கண்ணுல படுதா பாரு” என்றார். அவர் எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே வருபவர். பதில் சொல்லாத யானைகளோடு பழகிய பேச்சு. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏற்றம் வேறு.

தாழ்முகிலூரின் தலைமை கூத்தாயி என்னும் பெண்ணிடம் இருக்கிறது. தோளில் மூட்டை தூக்கிய தழும்பு உள்ளவள், வாய்க்கு அஞ்சாதவள். எங்களைக் கண்டதும் தேன்குடத்தோடு எதிரே வந்தாள்.

“வாங்க தீக்காரரே. இம்மாந்தூரம் ஏறி வந்திருக்கீங்க, முட்டி என்ன பாடு பட்டுச்சோ. இந்தாங்க, புதுத் தேனு. வர்றவங்க எல்லாம் இத வாங்கிக்கிட்டு இங்கேருந்தே எட்டிப் பாத்துட்டுப் போயிடுவாங்க. பள்ளத்துல அட்டை வேற கடிக்கும்.”

நான் இறங்கிப் பார்த்தே ஆகவேண்டும் என்றேன். அவள் முகம் மாறியது.

“அப்ப தேன உள்ள வெச்சிடவா?”

“வெச்சிடாத தாயே, இப்பிடிக் குடு” என்று சாத்தனார் குடத்தை வாங்கிக்கொண்டார். “தீக்காரருக்குத்தான் அரச வேலை. என் நாக்குக்கு ஆணை ஒண்ணும் வரல.”

ஊரார் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எங்களுக்குப் பின்னால் எல்லோரும் பள்ளத்தில் இறங்கினார்கள். ஒருவர்கூட வீட்டில் தங்கவில்லை. அன்று என்ன தீரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூடுபள்ளத்தில் எனக்கு வழி தெரியவில்லை. நான் வேலை செய்த காடுகளில் மரங்களுக்கு நடுவே வண்டி போகும். இங்கே காளையின் முதுகு அகலத்துக்கு அடிமரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன. ஏறி இறங்கி, குனிந்து நுழைந்து போகவேண்டியிருந்தது. எல்லாவற்றின்மேலும் ஏதோ ஒன்று வளர்ந்திருந்தது. பட்டை இன்னும் இறுகியிருந்த மரங்களில் மரவாழை பூத்திருந்தது. பட்டை கழன்றவற்றில் பாசியும் காளானும். கை வைத்தால் பஞ்சாக அமுங்கியவற்றில் பெரணியும், இரண்டிலை விட்ட கன்றுகளும். வேரோடு புரண்ட மரம் விட்டுப்போன குழியில் நீர் தேங்கி, நீரில் நிற்கும் செடிகள் அங்கே தனியாக நின்றன. விழுந்த கொம்புகள் வேலிபோல் பின்னிக்கொண்ட இடங்களுக்குள், மான் வாய் நுழைய முடியாததால், இளமரங்கள் ஆள் உயரம் தாண்டியிருந்தன. நின்றபடியே பட்டுப்போன ஒரு மரத்தின் பொந்தில் இருவாட்சிப் பறவை அடைந்திருந்தது. அது தின்று போட்ட கொட்டைகள் முளைத்து அதன் அடியில் ஒரு தோப்பு.

ஓரிடத்தில் செண்பகங்கள் கயிறு கட்டி நட்டதுபோல் ஒரே கோட்டில் நின்றன. வரிசையாக நட்டது யார் என்று கேட்டேன். “யாரு நடுவா?” என்று ஊரார் விழித்தார்கள். சாத்தனார் குனிந்து, அந்த மரங்களின் கால்களுக்கு நடுவே சலாகையை விட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எடுத்தார். அடியில் வெறும் பொந்து. பழைய காலத்தில் விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் அவை முளைத்திருக்கின்றன. அந்த மரம் கரைந்து போய்விட்டது, இவை அதைக் கவ்விய கால்களோடு அப்படியே நிற்கின்றன. நான் சிறிது நேரம் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு கூத்தாயி, கிடந்தவற்றுள் பெரியதன் முன் சென்று, பசுவைத் தட்டுவதுபோல் அதன் விலாவில் தட்டினாள்.

“நல்லாப் பாத்துக்குங்க. இலை இருக்குதா இல்லையா?”

இலை இருந்தது.

“படுத்திருக்குது, அவ்வளவுதான். உங்களுக்கு இடுப்பு வலிச்சா நீங்க படுக்கறதில்லையா? நீங்க படுத்தவுடனே நான் எண்ணெயும் கோடித்துணியும் எடுத்துக்கிட்டு உங்க வாசல்ல வந்து நின்னா நல்லாவா இருக்கும்?”

தேவியார் பொறுக்கவேண்டும், எனக்கும் சிரிப்பு வந்தது. படுத்துக்கொள்வது நல்ல காரியமாகவும் தோன்றியது. ஆனால் சாத்தனார் சிரிக்கவில்லை. சலாகையை மரத்தில் குத்தினார், பிடிவரை இறங்கியது. இழுத்தபோது நனைந்த வெல்லம்போல் செந்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது.

“இது செத்து எம்புட்டோ காலம் ஆச்சு தாயே.”

“அப்ப இலை?”

“இலை இதோடது இல்ல. கெடக்கறது நாங்கு மரம். மேல நிக்கிறது செண்பகம், இது இலவங்கம், அந்தாண்ட இருக்கறது காட்டு நாவல். நீ படுத்தா உன் தலையில என் முடியா முளைக்கும்?”

அவர் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் ஊர் அன்றே பிழைத்திருக்கும். அவர் மாற்றுகிறவர் அல்லர். மாற்றுங்கள் என்று நானும் கேட்கவில்லை. மோதிரம் என் விரலில் இருந்தது.

கூத்தாயி அந்த மரத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “சரி. பொய்தான் சொன்னோம். எண்ணெய்க்கு வக்கில்ல, சொன்னோம். மாமியாளுக்கு வர்ற கூழு நின்னுடுமேன்னு, செத்தவள உள்ள தூங்குறான்னு சொன்ன மருமக கதைதான் எங்க கதை” என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “இப்பவே கொளுத்திட்டா கணக்கு நேராயிடுமா தீக்காரரே?” என்று கேட்டாள்.

ஆகும். கெடு முடியுமுன் ஊரார் தங்கள் கையாலேயே தீ வைத்துவிட்டால் ஈமப்பொன்னும் இல்லை, தண்டமும் இல்லை என்பது முறை. அதைச் சொல்வது என் கடமை; சொன்னேன். எண்ணெய் இல்லாவிட்டால் காய்ந்த புல்லே போதும் என்று, என் பட்டத்துக்கு உள்ள உரிமையில், விதியைத் தளர்த்தியும் சொன்னேன். நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன். உப்பளம் இல்லை என்று ஆனபோது அங்கிருந்த பெண்கள் அழுதார்கள். ஆண்கள் புல் அறுக்க ஓடினார்கள்.

பச்சை உள்ளதைச் சிதையில் ஏற்றுவதில்லை. ஆகவே முதலில் மரத்தைச் சுத்தம் செய்யவேண்டும். பெரிய மரத்தில் தொடங்கினார்கள். கைகளாலும் அரிவாள்களாலும் சுரண்டி, பிடுங்கி, முறங்களில் வாரிக் கீழே கொட்டினார்கள். சாத்தனார் முதலில் சும்மா நின்றார். பிறகு, “ஏய், மெதுவா! அத இப்பிடிக் கொண்டா. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டாத” என்று அதட்டிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வந்ததை இனம் இனமாகப் பிரித்துத் தேக்கிலைகளில் வைக்கத் தொடங்கினார். இலைகள் தீர்ந்தன. மேல்துண்டை விரித்தார். அதுவும் நிரம்பியது. பக்கத்திலிருந்தவனின் தலைப்பாகையைக் கேட்டு வாங்கினார்.

ஒரு பூண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பேரு எனக்கே தெரியலையே” என்றார்.

“பேரு தெரியாததெல்லாம் களைதான வைத்தியரே, தூரப் போடுங்க” என்றாள் கூத்தாயி.

“உம் பேரு எனக்கு நேத்து வரைக்கும் தெரியாது. நீ களையா?”

“உப்பளத்துல பொறுக்கிப் போட்டா நானும் களைதான்” என்றாள். அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு மரத்தின் முதுகிலிருந்து வந்தவை அவை. அரசவனம் முழுதும் நடந்தாலும் அத்தனை இனம் நான் காட்டமாட்டேன். வேழவேரும் அதில் இருந்தது. அதைக் கண்டு சாத்தனார் எழுந்து நின்றுவிட்டார்; எண்ணிப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். ஒரு யானையின் ஒரு காலுக்குக்கூடக் காணாது என்று பிடுங்கியவனைத் திட்டினார். இதைத் தேவியார் வேறு விதமாக எண்ணவேண்டாம். அந்தப் பூண்டால் அரண்மனைக்கு இப்போது ஆதாயம் ஒன்றும் இல்லை.

ஏன் இவை தரையில் முளைக்கக்கூடாது, செத்த மரத்தைத் தேடிக்கொண்டு ஏன் ஏறவேண்டும் என்று அவரைக் கேட்டேன். தரையில் சருகு கனமாக மூடியிருக்கிறது, சிறுவிதையின் வேர் மண்ணைத் தொடுவதற்குள் காய்ந்துபோகிறது என்றார். தொட்டாலும் புல் அமுக்கிவிடும், அதில் தப்பினால் மான் கடித்துவிடும். மரத்தின் முதுகு இவை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. சொல்லிக்கொண்டே மரத்தின் உள்ளிருந்து ஒரு பிடி செந்தூளை அள்ளி என் கண்முன் பிழிந்தார். கோடைக்கடைசி இது, ஊர்ச்சுனையில் குடம் மொள்ள வரிசை நிற்கிறது. அந்தப் பிடியிலிருந்து நீர் அவர் மணிக்கட்டு வழியே ஒழுகியது. “செத்ததுக்கு அப்புறந்தான் இது தண்ணி வெக்கவே கத்துக்கிச்சு” என்றார். “ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பதத்துல ஏறும். பட்டை இருக்கறப்ப ஒரு கூட்டம், பஞ்சானதும் வேற கூட்டம், தூளானா வேற. நீ விழுந்த மறுமாசமே வந்து சாம்பலாக்கிடறே. யாரும் ஏறறதுக்கே நேரம் இல்ல.”

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. யானைக்கு எண்ணெய் தேய்க்கும்போது சொல்வதுபோல் சொன்னார்.

வெயில் சாயுமுன் பிரித்து வைத்த குவியல்கள் எல்லாம் தலை தொங்கிவிட்டன. சிலவற்றை ஈர மண்ணில் ஊன்றிப் பார்த்தார்; நிற்கவில்லை. இதற்குள் ஆண்கள் மரத்தைச் சுற்றிப் புல் அடுக்கித் தீ மூட்டியிருந்தார்கள். புல் எரிந்து போயிற்று. மரம் பிடிக்கவில்லை; வெள்ளைப் புகைதான் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீங்க சொல்லுங்க, எப்பிடிப் புடிக்க வெக்கறது?” என்றாள் கூத்தாயி.

எனக்குத் தெரியும். எங்கே பிளக்கவேண்டும், எத்தனை நாள் உலர விடவேண்டும், காற்று வரும் பக்கம் எப்படி வாய் திறக்கவேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது, அடுத்த மரத்தைச் சுத்தம் செய்யப் போன பெண்கள், அதன் வயிற்றுப் பக்கத்திலிருந்து கன்றுகளை எடுத்து முறத்தில் ஏந்திக்கொண்டு எனக்கு முன்னால் கடந்தார்கள்.

மனிதர் சிதைக்கும் மரத்தின் சிதைக்கும் விதி ஒன்றே என்பது ஆதியரசர் வாக்கு. பட்டம் கட்டும்போது என்னைச் சொல்லவைத்து ஏற்றுக்கொள்ளச் செய்ததும் அதுவே. கருவுற்றவள் இறந்துவிட்டால் அவளை அப்படியே சிதையில் ஏற்றுவதில்லை. மருத்துவச்சி வந்து பார்க்கவேண்டும். பிள்ளை பிழைக்கும் என்றால் வெளியே எடுப்பார்கள். பிழைக்காது என்றால் கத்தியும் வைப்பதில்லை, தீயும் வைப்பதில்லை. இருவரையும் சேர்த்து மண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவ்வீட்டாரிடம் ஈமப்பொன் கேட்பதும் இல்லை. இது நம் நாட்டில் எந்தக் குடிக்கும் உள்ள முறை. பண்டாரத்துக்கும் தெரிந்த முறை.

மருத்துவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். வெளியே எடுத்தவை அவருடைய மேல்துண்டில் செத்துக் கிடந்தன.

நிறுத்துங்கள் என்றேன்.

கூத்தாயி என்மேல் பாய்ந்தாள். அவள் சொன்னதை விட்டுவிடாமல் எழுதுகிறேன். “கொளுத்துன்னதும் நீங்கதான், வேணாம்ங்கறதும் நீங்கதானா? உங்க வாயில எத்தன நாக்கு? இதக் கொளுத்துனா எம் புள்ளைங்க இங்கேயே இருக்கும். கொளுத்தலன்னா கெடு போயிடும். அப்ப உப்பளத்துக்கு நீங்களா இறங்குவீங்க? நேத்து வந்த வைத்தியருக்குச் செடி மேல வந்த கரிசனம் உங்களுக்கு எங்க மேல வரலையே!”

அவள் கேட்டது நியாயம். அந்தப் பள்ளத்தை எரித்தால் அந்த ஊருக்கு அன்றே விடுதலை. அதைத் தடுத்தவன் நான். நான் மோதிரத்தைக் காட்டி, பொன்னை நான் தீர்க்கிறேன் என்றேன்.

“மோதிரம் உங்களோடதா?”

இல்லை, தேவியாருடையது என்றேன்.

“அப்ப மோதிரத்த நம்பி முப்பது வீடு உக்காந்திருக்கணும்.”

“ஆமாம்” என்றேன்.

கூத்தாயி கையிலிருந்த புல் கட்டைக் கீழே போட்டாள். “சரி, அந்தம்மாவுக்கு நல்லா எழுதுங்க. அழகா எழுத வேணாம், புரியற மாதிரி எழுதுங்க” என்றாள். எழுத்தரைக் கஞ்சி குடிக்க அனுப்பியது அதன்பிறகுதான்.

புரியும்படி எழுதுகிறேன். மூடுபள்ளத்து மரங்கள் இறந்துவிட்டன. இதில் ஐயமில்லை. உயிர் உண்டு என்று ஊரார் சொன்னது பொய். பார்க்க வந்தவர்கள் எழுதியதும் பொய். பண்டார நாயகர் சொன்னதே மெய். ஆனால் இறந்த அவை ஒவ்வொன்றும் வயிறு நிரம்பக் கிடக்கின்றன. அவற்றுக்கு உரியது தீ அன்று, மண். மண்ணோடு அவை ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கின்றன. அவசரமின்றி, தம்மேல் ஏறியவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்துக்கொண்டு போகின்றன. தீ வைக்கத் தேவையில்லாத இடத்தில் தீ வைக்காததற்கு ஈமப்பொன் எங்கிருந்து வரும்? கணக்கில் பிழை இல்லை. கணக்கு தொடங்கிய இடம் பிழை.

இதனால் பண்டாரத்துக்கு இழப்பு என்பதை அறிவேன். உப்பளத்தில் ஆள் குறைவு என்பதையும் அறிவேன். அவ்விரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை. தேவியாரிடமும் இல்லாதிருக்கலாம். முப்பது வீட்டாரை இறக்கினாலும் பண்டாரத்தின் தரை மூடப்போவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

மோதிரத்தின் அதிகாரம் இந்த ஊர் எல்லைவரைதான். அதற்கு அப்பால் உள்ளது விண்ணப்பம். மற்றக் காடுகளிலும் மரம் விழுந்தால், பச்சை ஏறுவதற்கு நாள் கொடுக்கவேண்டும். நின்றபடி பட்டதைச் சாய்க்காமல் விடவேண்டும். அரசவனத்தில் இவ்வாண்டு விழுபவற்றையேனும் என் ஆட்கள் தொடாதிருக்கத் தேவியார் சொல்லவேண்டும். வனம் அழகு குலைந்து தோன்றும், விருந்தினர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வேலை இழக்கும் என் ஆட்களுக்குக் காவற்பணி கொடுக்கலாம். தீயை அறிந்தவர்களுக்குத் தீயைத் தடுக்கவும் தெரியும். என்னை மட்டும் எந்தப் பணியிலும் வைக்கவேண்டாம். மலையிறங்க மூன்று இடத்தில் உட்காரவேண்டியிருக்கிறது. பட்டத்தைத் தேவியார் திரும்ப எடுத்துக்கொண்டு, காலை நீட்டிக்கொள்ள எனக்கு விடை தந்தால் போதும்.

இனி, மோதிரம் பெற்றவன் என்ற முறையில், ஆணை.

தாழ்முகிலூரை ஈமப்பொன் கேட்டு வருபவர் எவராயினும் இவ்வோலையின் படியைக் கண்டு திரும்புக. ஊரார் தம் வீட்டிலும் தினைப்புனத்திலும் இருந்தபடி இருக்க. மூடுபள்ளத்தில் விழுந்ததும் நின்று பட்டதும் ஆகிய எந்த மரத்துக்கும் எவரும் தீ வைக்கற்க; கோடாலி வைக்கற்க; அதன்மேல் முளைத்ததைப் பிடுங்கற்க. உப்பளத்து ஆணை கைச்சாத்து இன்றி விலக்கப்படுக. பண்டார எழுத்தர் இவ்வூரின் பெயருக்கு எதிரே உள்ள வரியைக் கீறி அடித்துவிட்டு, அடித்தவர் தம் பெயரைப் பக்கத்தில் எழுதுக.

இதை எழுதியது கரிச்சான் கை. அரக்கு உருக்கி ஊற்றியவள் கூத்தாயி. கூடவே நின்று பார்த்தவர் வெளியன் சாத்தனார். அரக்கு ஆறுமுன் தேவியாரின் மயில் முத்திரை அழுத்தப்பட்டது. மோதிரம் இவ்வோலையின் கயிற்றிலேயே கோக்கப்பட்டுத் திரும்புகிறது. குவடு உள்ளளவும் மழை உள்ளளவும் இது நிற்க. நானூற்றுப் பதினேழு பொன்னும் ஆறு பணமும், ஒருவர் கொடாமலும் ஒருவர் வாங்காமலும், இன்றோடு தீர்ந்தன.